பூச்சந்தையில் ஒரு குரல் உதவியாளர்: தாமதம் எங்கே, பழக்கம் எங்கே

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கமிஷன் கடை நடத்தும் ஒருவரின் ஸ்மார்ட்போனையும் அதிலுள்ள குரல் உதவியாளரையும் பற்றிய நிகழ்வு ஆய்வு இது. அவருடைய புகார் இரண்டு. கூப்பிட்டால் பதில் வர நேரமாகிறது. மாதக்கணக்கில் பேசியும் தன் பேச்சு அதற்குப் பழகவில்லை. முதலாவதற்கு அவரே காரணமும் சொன்னார்: போன் பழசு, 5ஜி இல்லை. இரண்டாவதற்கும் ஒன்று இருந்தது: அதற்குத் தமிழ் சரியாக வராது. சோதித்துப் பார்த்ததில் இரண்டு காரணமுமே நிற்கவில்லை. கடை, போன் கம்பெனி, அசிஸ்டெண்ட் எதன் பெயரும் இங்கே வராது. இந்தச் சிக்கல் ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதும் அல்ல.

சிறு கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். அந்தக் கடைக்கு நான் போனதும் பில் பிரிண்டருக்காகத்தான். பிரிண்டர் சரியாகிவிட்டது. அப்புறம் அவர் போனை நீட்டினார். “தம்பி, இதையும் கொஞ்சம் பாரு. கூப்புட்டா வெரசா வர மாட்டேங்குது.”

கடை

மல்லிகை மொட்டாக இருக்கும்போதே சந்தைக்கு வந்துவிட வேண்டும், விரிந்தால் விலை இல்லை. அதனால் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், செல்லம்பட்டி பக்கமெல்லாம் விடிவதற்கு முன்பே பறிப்பு தொடங்கிவிடுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு விலை ஒரே காலையில் பல முறை மாறும். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் எகிறும், மறுநாள் விழும். ஆகவே கமிஷன் கடைக்காரருக்குக் காலை நேரத்தில் முக்கிய வேலை போன் பேசுவதுதான். விலை ஏறினால் “இருக்கிறதையும் பறிச்சு அனுப்பு” என்று விவசாயியிடம் சொல்ல வேண்டும், இறங்கினால் “போதும், நிறுத்து” என்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு பத்து நிமிடம் தள்ளிப்போனால் நஷ்டம் இரண்டு பக்கமும்.

அந்த நேரத்தில் அவருக்கு இரண்டு கையும் ஈரம். ஒன்று தராசில் இருக்கும், இன்னொன்று சாக்கில். போனைத் தொட முடியாது என்பதால்தான் குரலைப் பிடித்துக்கொண்டார். எதிர்பார்த்தது மூன்று: பெயரைச் சொன்னால் போன் போக வேண்டும், ரேட்டைச் சொன்னால் குறித்துக்கொள்ள வேண்டும், முகூர்த்த ஆர்டரை உரிய நாளில் நினைவுபடுத்த வேண்டும். நினைவூட்டல் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக வேலை செய்தது. ஆர்டரை அவர் மத்தியானம், கடை ஓய்ந்த பிறகு சொல்வார். இது ஒரு துப்பு.

தாமதத்தை அளந்த விதம்

“லேட்டாகுது” என்றால் எவ்வளவு, எந்த இடத்தில் என்று தெரிய வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இன்னொரு போனில் வீடியோ எடுத்தால் போதும். வினாடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேம் 33 மில்லி வினாடி. பேச்சு முடிந்த பிரேமுக்கும் திரையில் அசைவு வந்த பிரேமுக்கும் இடையில் எண்ணிவிடலாம்.

ஒப்பிட ஒரு அளவும் இருக்கிறது. மனிதர் பேசும்போது ஒருவர் கேள்வியை முடித்து மற்றவர் பதிலைத் தொடங்கும் இடைவெளி, 2009இல் வெளியான ஓர் ஆய்வில் பத்து மொழிகளின் சராசரியாகச் சுமார் 200 மில்லி வினாடி வந்தது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. நம் சந்தையில் அதுகூட இருக்காது என்பது என் ஊகம், இங்கே மற்றவர் முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிடும். எப்படியோ, இந்தப் பழக்கம் உள்ளவருக்கு இரண்டு வினாடி மௌனமே நீளம்தான்.

கூப்பிடுவதற்கும் போன் ரிங் போவதற்கும் நடுவே நடப்பவை பல. எழுப்பும் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, பேட்டரி தின்னாத ஒரு சிறு நிரல் எப்போதும் ஓடுகிறது. அது விழித்ததும், சொன்னது உரிமையாளர்தானா என்று குரலைப் பொருத்திப் பார்க்கிறது. பிறகு பேச்சைக் கேட்கிறது, பேச்சு முடிந்ததா என்று தீர்மானிக்கிறது, எழுத்தாக்குகிறது, என்ன கேட்டார் என்று புரிந்துகொள்கிறது, கடைசியாக வேலையைச் செய்கிறது. ‘ஸ்லோ’ என்று ஒரே சொல்லில் திட்டுகிறோம். இதில் எந்தப் படி ஸ்லோ என்பதுதான் கேள்வி.

முதல் படியே பழுது. அவர் மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவைதான் விழிக்கிறது. காரணம் செட்டிங்ஸில் கிடைத்தது. போனை வாங்கி வந்து எல்லாம் அமைத்துக் கொடுத்தவன் கல்லூரியில் படிக்கும் மகன். குரல் பதிவு கேட்டபோது அவனே சொல்லிப் பதிந்துவிட்டான். இத்தனை மாதமாக அந்தப் போன் மகனின் குரலுக்காகக் காத்திருந்திருக்கிறது. ஏலத்தில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன அப்பாவின் குரல் அதற்கு அயலான் குரல்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. குரல் பொருந்தாவிட்டால், லாக் ஆகியிருக்கும் போனில் தொடர்பு எண்களை எடுக்க அனுமதி இல்லை. பூட்டைத் திறக்கச் சொல்கிறது. பூத் தண்ணீர் ஊறிய விரலைக் கைரேகை சென்சார் ஏற்காது. அவர் வேட்டியில் விரலைத் துடைத்து, இரண்டு முறை வைத்துப் பார்த்து, கடைசியில் பின் நம்பர் அடிக்கிறார். வீடியோவில் மிக நீளமான பகுதி இதுதான். இதையும் சேர்த்துத்தான் அசிஸ்டெண்ட் தாமதம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சத்தமும் மௌனமும்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. மேலே சொன்னவற்றை ஒதுக்கிவிட்டு, மைக் பொத்தானை அழுத்தி நேராகப் பேசச் சொன்னேன். அப்போதும் கடை முன்னால் ஐந்தாறு வினாடி ஆனது. அதே போன், அதே சிம், அதே வாக்கியம். கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் அறையில் இரண்டு வினாடிக்குள் முடிந்தது.

வேறுபாடு சத்தம். ஆனால் சத்தம் என்றதும் ‘தப்பாகக் கேட்கிறது’ என்றுதான் நினைப்போம். திரையைப் பார்த்தால் எழுத்துகள் சரியாகத்தான் விழுந்திருந்தன. “பாண்டிக்கு போன் போடு” என்று தமிழில் பிழையில்லாமல் வந்துவிட்டது, ஆனாலும் அது நகரவில்லை. ஏன்? பேச்சு முடிந்துவிட்டது என்று அதற்குத் தெரியவில்லை. பேசுபவர் நிறுத்தினாரா என்பதைப் பெரும்பாலும் மௌனத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. சிறிது நேரம் அமைதி இருந்தால் முடிந்தது என்று கணக்கு. பூச்சந்தையில் அந்த அமைதிக்கு எங்கே போவது? பக்கத்துக் கடைக்காரர் ரேட் சொல்கிறார், சுமை தூக்குபவர் “வழி வழி” என்கிறார், மினி லாரி ஹாரன் அடிக்கிறது. எல்லாமே பேச்சின் தொடர்ச்சி போலக் கேட்கிறது. அது மரியாதையாகக் காத்துக்கொண்டே இருக்கிறது.

பின் அறையில் இதற்கு நேர் எதிரான கோளாறையும் பார்த்தேன். “உசிலம்பட்டி…” என்று இழுத்து அவர் ஒரு நொடி யோசித்தால், முடிந்துவிட்டது என்று முடிவுகட்டி உசிலம்பட்டியின் வானிலையைக் காட்டுகிறது. தமிழில் வினை கடைசியில் வருவது இதற்கு உதவி செய்வதில்லை என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் முதல் சொல்லிலேயே இது அழைப்பு என்று தெரிந்துவிடும். நாம் ஊர், பெயர், வேற்றுமை உருபு எல்லாம் சொல்லி, கடைசியில்தான் என்ன செய்ய வேண்டும் என்கிறோம்.

சத்தத்துக்குத் துணை போனது பாலித்தீன் கவர். ஈரம் படக்கூடாதென்று போனைக் கவருக்குள் போட்டு, இரண்டு ரப்பர் பேண்டு சுற்றி, தூணில் ஆணியில் மாட்டியிருந்தார். கீழ் ரப்பர் பேண்டு சரியாக சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் மைக் துளை மேல் கவரை இறுக்கிப் பிடித்திருந்தது. கவரை எடுத்ததுமே பாதி மாற்றம் தெரிந்தது. மீதி தூரத்தின் வேலை. திறந்த வெளியில் வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். ஆணியில் தொங்கும் போன் 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், சட்டைப் பட்டன் அருகே 20 சென்டிமீட்டரில் தொங்கும் இயர்போன் மைக்குக்கு 12 டெசிபல் ஆதாயம். சந்தைச் சத்தமோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இயர்போன் என்றதும் அவர் முகம் சுளித்தார். “காதுல மாட்டுனா யாவாரி கூப்புடறது கேக்காதுய்யா.” சரி, ஒரு காதில் மட்டும் என்று ஒத்துக்கொண்டார். சாதாரண வயர் இயர்போன்தான். புளூடூத் வேண்டாம் என்றேன், சார்ஜ் போட மறந்தால் அதுவும் ஒரு புகாராகும்.

5ஜி வாங்கினால் தீருமா?

தீராது. பேச்சு மிகச் சிறிய சுமை. பேச்சு அறிதலுக்கு வழக்கமாக எடுக்கப்படும் வினாடிக்கு 16,000 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட் என்ற கணக்கில், சுருக்காமல் அனுப்பினாலே வினாடிக்கு 256 கிலோபிட்தான். சுருக்கினால் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். வீடியோ ஓடும் இணைப்பில் இது ஒரு பொருட்டே இல்லை. இங்கே முக்கியம் வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்பது அல்ல, சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம். காலையில் சந்தை முழுவதும் ஒரே டவரில் தொங்கும்போது அது கொஞ்சம் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் பின் அறையிலும் அதே டவர்தானே!

பேச்சைப் போனுக்குள்ளேயே எழுத்தாக்கிவிட்டால் அந்தப் போக்குவரத்தும் மிச்சம். கூகுள் 2019 மார்ச்சில் தன் தட்டச்சுச் செயலியான ஜிபோர்டில் இதைக் கொண்டுவந்தது. பேச்சை எழுத்தாக்கப் பயிற்றிய நிரலை (மாடல் என்பார்கள்) 80 எம்பி அளவுக்குச் சுருக்கியிருந்தது, ஆனால் முதலில் தன் பிக்சல் போன்களுக்கும் அமெரிக்க ஆங்கிலத்துக்கும் மட்டும். ஆப்பிள் 2021இல் ஐஓஎஸ் 15 மூலம் தன் குரல் உதவியாளரான சிரியின் பேச்சு அறிதலை ஏ12 சிப்பும் அதற்குப் பிந்தையவையும் உள்ள கருவிகளில் போனுக்குள் கொண்டுவந்தது. விளம்பரத்தில் காட்டும் வேகம் பெரும்பாலும் இப்படி ஆங்கிலத்தில் முதலில் வருகிறது. தமிழுக்கு நேரமாகிறது. கூகுளின் குரல் தட்டச்சிலேயே தமிழ் சேர்ந்தது 2017 ஆகஸ்டில்தான். இருந்தாலும் இந்தக் கடையில் அது பிரச்சினை இல்லை. சேமிக்கக்கூடிய சில நூறு மில்லி வினாடிக்காகப் புதுப் போன் வாங்குவது, கவரைக் கிழிக்காமல் காசைக் கிழிப்பது.

பழகவில்லை என்ற புகார்

இதில்தான் அவருக்கு உண்மையான வருத்தம். அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. “கடைக்கு ஒரு பையன் புதுசா வந்தா, ஒரு வாரத்துல எந்தப் பாண்டிக்குப் போடணும்னு என் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குவான். இது நெதமும் எந்தப் பாண்டினு கேக்குது.”

அவர் போனில் பாண்டிகள் நிறைய. முருகனும் கருப்பசாமியும் அதேபோல. மதுரைப் பக்கத்து விவசாயிகள் பட்டியலில் வேறு எப்படி இருக்கும்? எல்லாப் பெயரும் ஆங்கில எழுத்தில், மகன் அவசரத்தில் அடித்தவை: பாண்டி யு.பட்டி, பாண்டி நியூ, பாண்டி 3. அவரோ வாயால் “உசிலம்பட்டிப் பாண்டி”, “செக்கானூரணி மாமா”, “வலையங்குளத்துக்காரர்” என்றுதான் சொல்கிறார். யு.பட்டி என்பது உசிலம்பட்டி என்று அதற்கு யார் சொன்னது? தமிழ் வராததால் வந்த சிக்கல் இல்லை இது. தமிழ் சரியாக வந்து, தேடிப்போன பட்டியலில் அந்தப் பெயர் இல்லாததால் வந்தது.

‘கற்றுக்கொள்ளும்’ என்ற விளம்பரச் சொல் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று காரியங்களை மூடி வைத்திருக்கிறது. ஒன்று, உரிமையாளரின் குரலை அடையாளம் காண்பது. இதற்கு வேண்டியதை ஆரம்பத்தில் சில வாக்கியங்கள் சொல்ல வைத்து வாங்கிக்கொள்கிறது, அது மகன் குரலாக இருந்ததைப் பார்த்தோம். இரண்டாவது, உரிமையாளரைப் பற்றிய விவரம்: தொடர்புப் பட்டியல், அம்மா யார், அண்ணன் யார் என்ற உறவுக் குறிப்பு, வீட்டு முகவரி, பழைய தேடல்கள். பேச்சை எழுத்தாக்கும்போது பட்டியலில் உள்ள பெயர்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கும் உத்தியும் இருக்கிறது, அதனால் பட்டியல் ஒழுங்காக இருந்தால் கேட்பதே கொஞ்சம் கூர்மையாகிறது. மூன்றாவது, பேச்சைப் புரிந்துகொள்ளும் அந்தப் பெரிய மாடல். அதைக் கம்பெனி பல பேருடைய பேச்சை வைத்துத் தன் இடத்தில் பயிற்றுகிறது. நம் கடையில் நாம் திருத்திச் சொன்னதை வைத்து அது மறுநாள் திருந்தி வராது.

போனே உட்கார்ந்து கற்கும் முறை இல்லாமல் இல்லை. கூகுள் 2017இல் ஜிபோர்டுக்காக விளக்கிய கூட்டுக் கற்றல் முறையில், ஒவ்வொரு போனும் தன்னிடமுள்ளதைக் கொண்டு மாடலைச் சிறிது திருத்தி, அந்தத் திருத்தத்தை மட்டும் அனுப்புகிறது. அதற்கு நிபந்தனை உண்டு: போன் சும்மா இருக்க வேண்டும், சார்ஜில் இருக்க வேண்டும், கட்டணக் கணக்கில்லாத வைஃபையில் இருக்க வேண்டும். நம் கடைக்காரர் வீட்டில் வைஃபையே கிடையாது. அப்படியே இருந்தாலும் அது எல்லோருக்குமான மாடலை மெல்ல நகர்த்துவதற்குத்தான். ‘பாண்டி என்றால் உசிலம்பட்டிப் பாண்டி’ என்பதை அந்த வழியில் எதிர்பார்ப்பது வீண்.

புதிதாக வந்திருக்கும் பெரிய மொழி மாடல் அசிஸ்டெண்டுகள் இதை மாற்றிவிடாதா என்று மகன் கேட்டான். கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூனில் இந்தியாவில் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளோடு வந்தது. இந்த வகைக்கு நாம் சுற்றி வளைத்துப் பேசினாலும் புரிகிறது, “போட்டு விடு”, “ஒரு அடி அடி” எல்லாம் அழைப்பு என்று தெரிகிறது. ஆனால் யோசித்துப் பதில் உருவாக்குவதற்கு நேரம் கேட்கும். போன் போடும் வேலைக்குக் கடைசியில் அதுவும் அதே தொடர்புப் பட்டியலைத்தான் திறக்கிறது. சொன்னதை நினைவில் வைக்கும் வசதியும் ஒரு குறிப்பு எழுதி வைத்து அடுத்த முறை படிப்பதுதான். ஆக, அவர் எதிர்பார்த்த பழக்கத்தை அவரேதான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

செய்தவை

ஒரு மத்தியானம் மூவரும் உட்கார்ந்து பெயர்களை மாற்றினோம். அவர் வாயில் வருவதையே தமிழில் எழுதினோம். ஊர் முன்னால், பெயர் பின்னால். ஒரே ஊரில் இரண்டு பாண்டி இருந்தால் “கிணத்துப் பாண்டி”, “டிராக்டர் பாண்டி” என்று அவர் ஏற்கெனவே வைத்திருந்த பட்டப்பெயர். சிலருக்கு அவர் வைத்திருந்த பெயரை மகன் எழுத மறுத்துவிட்டான், அது நல்லதுதான். அடிக்கடி பேசுபவர்களுக்கு மட்டும் செய்தோம். மற்றவை பழையபடியே கிடக்கின்றன.

மகன் குரலை அழித்துவிட்டு அப்பாவின் குரலைப் பதிந்தோம். வீட்டில் வேண்டாம், காலையில் கடையில் வைத்துப் பதிய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இரவில் ஓய்ந்த குரல் வேறு, ஏல நேரத்துக் குரல் வேறு. அசிஸ்டெண்டின் முதல் மொழியாகத் தமிழை வைத்தோம், ஆங்கிலம் இரண்டாவது. கவர் போய், கீழ்ப்பக்கம் திறந்த ரப்பர் உறை வந்தது. பேசி முடித்ததும் மைக் பொத்தானை இன்னொரு தடவை தட்டினால் அது மௌனத்துக்குக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்குவதையும் காட்டினேன். முழங்கை முட்டியால் தட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்.

இப்போது பெயர் சொல்லி அழைப்பது அநேகமாக முதல் தடவையிலேயே போகிறது. கடை முன்னால் இரண்டு, மூன்று வினாடி. அவருக்கு அது போதும்.

வராதது

ரேட் குறிப்பது வரவில்லை. அதை நிறுத்தச் சொன்னதும் நான்தான். அவர் “பிச்சி, முக்கால் கிலோ” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடைக்காரர் யாரிடமோ முல்லைக்கு ஒரு விலை கத்தினார். குறிப்பைத் திறந்தால் பிச்சி, முக்கால், அதோடு பக்கத்துக் கடை முல்லையின் விலை. எழுத்தில் பிழை ஒன்றும் இல்லை, கணக்குதான் தப்பு. அழைப்பு தவறினால் “ராங் நம்பர்ண்ணே” என்று வைத்துவிடலாம். விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பணம் தவறினால் அப்படி முடியாது. ஒண்ணே கால், ஒண்ணரை, ஆயிரத்தி எரநூறு என்று வாயில் வரும் எண்களும் சில நேரம் எழுத்தாக, சில நேரம் இலக்கமாக விழுந்து கூட்டவே முடியாமல் கிடந்தன. கணக்கு இன்னும் கணக்குப்பிள்ளையின் நீள நோட்டில்தான்.

குரல் பதிவுகள் எங்கே போகின்றன என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை, நானே காட்டினேன். கணக்குச் செட்டிங்ஸில் செயல்பாட்டு வரலாறு என்ற இடத்தில் பழைய கட்டளைகள் வரிசையாக இருந்தன. மூன்று மாதத்துக்கு மேற்பட்டவை தானாக அழியும்படி வைத்தோம். பட்டியலைப் பார்த்து அவர் சிரித்தார், பாதிக்கு மேல் அவர் அதைத் திட்டியது.

அவர் தம்பி கடையில் நிற்கும் நாட்களுக்கு இன்னும் வழி இல்லை. அந்தப் போன் ஒரு குரலைத்தான் ஏற்கிறது. தம்பி மைக் பொத்தானைத் தட்டித்தான் பேசுகிறார், அதுவும் அண்ணன் பூட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தால்.